தலை மாறிய ஜிப்சி

வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கும்போது ஜிப்சி ஓட்டுநர் கவலைப்படுவது இயல்பு. சற்று நேரத்தில் அதுவே தானாகக் கீழே இறங்கினால் அவர் நிம்மதியாக மூச்சு விடுவதும் இயல்புதான். அந்த நிம்மதியில்தான் ஆபத்து இருக்கிறது. என்ஜினுக்குள் தண்ணீர் வற்றி, வெப்பத்தை உணரும் முனை தண்ணீரில் மூழ்காமல் வெறும் ஆவியில் நிற்கத் தொடங்கினால் முள் பொய் சொல்லும். டாஷ்போர்டில் எல்லாம் சுகம் என்று தோன்றும் அந்த ஐந்து நிமிடத்தில், பானெட்டுக்கு அடியில் அலுமினிய சிலிண்டர் ஹெட் வெந்துகொண்டிருக்கும். பிறகு வண்டி இழுக்காது. வெள்ளைப் புகை வரும். ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தால் அதில் பால் கலந்த காப்பி நிறத்தில் ஏதோ ஒட்டியிருக்கும். மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொல்வார்: “ஹெட்.”

இந்த ஒற்றை வார்த்தையைக் கேட்டுக் கலங்கும் குடும்பங்கள் இந்தியாவில் கணிசமாக இருக்கின்றன. 1985 டிசம்பரில் மாருதி அறிமுகப்படுத்திய ஜிப்சி, 970 சிசி என்ஜினுடன் வந்தது. 1996-ல் 1,298 சிசி என்ஜினுடன் ஜிப்சி கிங் ஆனது. 2000-ல் கார்புரேட்டர் போய் 16 வால்வுகளும் எரிபொருள் இன்ஜெக்‌ஷனும் வந்தன. 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனை முடிவுக்கு வந்தது. ஆனால் வண்டிகள் ஓய்வு பெறவில்லை. ரண்தம்போரிலும் பாந்தவ்கரிலும் கார்பெட்டிலும் புலி பார்க்கப் போகிறவர்கள் ஏறி உட்காரும் திறந்த வண்டி பெரும்பாலும் ஜிப்சிதான். ராணுவம் கழித்துவிட்ட ஜிப்சிகளை ஏலத்தில் எடுத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. 1999-ல் தொடங்கிய ரெய்டு டி ஹிமாலயா போன்ற பந்தயங்களில் பெயர் வாங்கிய வண்டி என்பதால் மலையேறும் ஆசைக்காரர்களும் அதை விடுவதாக இல்லை.

புது வண்டி வருவது நின்றுபோனால் பழைய வண்டியைக் காப்பாற்றும் பொறுப்பு வெளிச்சந்தையின் தலையில் விழும். வண்டியைச் செய்த கம்பெனி அல்லாமல் பிறர் செய்து விற்கும் உதிரி பாகங்களைத்தான் வெளிச்சந்தை என்கிறோம். தில்லி காஷ்மீரி கேட்டின் சந்துகளில் நடந்தால் இந்தச் சந்தையின் அகலம் தெரியும். “ஒரிஜினலா?” என்று கேட்டால், “ஒரிஜினல் மாதிரியேதான், பாய் சாப்” என்ற பதில் வரும். அந்த “மாதிரியே” என்ற சொல்லுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஒளிந்திருக்கிறது என்பதே பிரச்சினை.

வேதாளம் விக்கிரமாதித்தனிடம் சொன்ன கதைகளில் ஒன்று, தலைகள் மாறிப்போன இரண்டு ஆண்களைப் பற்றியது. கணவனின் தலை இன்னொருவன் உடலில். இன்னொருவன் தலை கணவனின் உடலில். அந்தப் பெண்ணுக்கு யார் கணவன்? தலை எங்கே இருக்கிறதோ அவனே கணவன், ஏனென்றால் உறுப்புகளில் தலையே பிரதானம் என்றான் ராஜா. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இந்தத் தீர்ப்பை ஏற்காது. என்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பது கீழே இருக்கும் பிளாக்கில், ஹெட்டில் அல்ல. ஆகவே எத்தனை முறை தலையை மாற்றினாலும் ஆவணங்களின்படி அது அதே ஜிப்சிதான். மெக்கானிக்குகளின் அனுபவமும் ராஜாவுக்கு எதிராகவே இருக்கிறது. புதுத் தலை எவ்வளவு நாள் வாழும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அது உட்காரும் உடல்தான்.

சிலிண்டர் ஹெட் என்பதை என்ஜினின் மூடி என்று நினைப்பது குறைத்து மதிப்பிடுவதாகும். பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும் வழி, எரிந்த புகை வெளியேறும் வழி, அந்த இரண்டையும் திறந்து மூடும் வால்வுகள், அவற்றை இயக்கும் கேம் ஷாஃப்ட், ஸ்பார்க் பிளக் எல்லாமே அதில்தான். எரிப்பு நடக்கும் அறையின் கூரையும் அதுவே. இவ்வளவுக்கும் நடுவே, கரையான் புற்றின் உட்புறம் போல, தண்ணீர் ஓடும் குடைவுகள். ஒரு பக்கம் தீ, இரண்டு விரல்கடை தள்ளித் தண்ணீர். இரண்டையும் பிரித்து வைப்பது சில மில்லிமீட்டர் அலுமினியமும், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே நசுங்கிக் கிடக்கும் ஒரு கேஸ்கட்டும்தான்.

அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிவடையும். ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகளோ எஃகு. தண்ணீர் ஓட்டம் சரியாக இருக்கும்வரை இந்த முரண்பாட்டைப் பொறியாளர்கள் கணக்கிட்டு அடக்கி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் நின்றுபோனால் ஹெட் விரியப் பார்க்கும், போல்ட்டுகள் விடாது. விரிய இடமில்லாத உலோகம் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். ஆறிய பிறகு அது பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. வில் போல லேசாக வளைந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். ஆனால் இந்த வகை சுசுகி என்ஜின்களில் கையேடு அனுமதிக்கும் வளைவு 0.05 மில்லிமீட்டர், அதாவது தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. இதற்கு மேல் கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டும் நம்மவர் அவசரமும் சேர்ந்தால், வால்வுகளுக்கு நடுவே விரிசல் நிச்சயம்.

இந்த நிலையில் உரிமையாளர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய ஹெட்டையே சோதித்து, தேவையானால் கடைந்து சமப்படுத்தலாம். ஏதாவதொரு உடைத்த வண்டியிலிருந்து வந்த ஹெட்டை வாங்கலாம். அல்லது வெளிச்சந்தையின் புது வார்ப்பை வாங்கலாம். மூன்றாவதுதான் பலருக்குக் கவர்ச்சியாக இருக்கிறது. பளபளவென்று இருக்கிறது, பெட்டியில் வருகிறது, ரசீதும் கிடைக்கிறது. ஆனால் விரிசல் விடாத, அளவுக்குள் சமப்படுத்தக்கூடிய பழைய கம்பெனி ஹெட் இருக்குமானால், யார் வார்த்தது என்று தெரியாத புதுசைவிட அதுவே மேல். பழையது இருபது வருடம் சூட்டையும் குளிரையும் தாங்கித் தன்னை நிரூபித்திருக்கிறது. புதுசு இனிமேல்தான் நிரூபிக்க வேண்டும். அதுவும் உங்கள் செலவில்.

இதற்கு அர்த்தம் வெளிச்சந்தை ஹெட் எல்லாமே மோசம் என்பதல்ல. நல்ல வார்ப்புகளும் இருக்கின்றன. பழையது விரிசல் விட்டு, பற்றவைப்பும் பலிக்காத நிலையில் வேறு வழியும் இல்லை. ஆனால் பெட்டியைத் திறந்ததும் நேராக என்ஜின் மேல் உட்கார வைக்கும் பொருள் அல்ல அது. நல்ல மிஸ்திரி முதலில் அதை மேஜைமேல் வைத்துச் சந்தேகப்படுவார்.

சந்தேகத்துக்குக் காரணங்கள் உண்டு. வார்ப்பின்போது தண்ணீர்க் குடைவுகளை உருவாக்க வைக்கும் மணல் அச்சு முழுவதுமாக வெளியே வந்திருக்காது. குடைவில் தங்கிய ஒரு கைப்பிடி மணல் சில நாளில் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைக்கும். வாட்டர் பம்பின் சீலைத் தேய்க்கும். எனவே முதல் வேலை, ஒவ்வொரு துவாரத்திலும் அழுத்தமான தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவி, காற்றடித்து, மறுபடி கழுவுவது. அடுத்து, கேஸ்கட்டை ஹெட்டின் மேல் வைத்துப் பார்ப்பது. தண்ணீர்த் துவாரங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? ஆயில் மேலே ஏறும் வழி பாதி மறைந்திருக்கிறதா? அந்த ஆயில் வழி அடைபட்டால் கேம் ஷாஃப்ட் வறண்டு தேயும். அதன் பிறகு வாரன்டி அட்டையை வைத்து விசிறிக்கொள்ளலாம். மூன்றாவது, வால்வு சீட்டுகள். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகள் மூடிய நிலையில் அறைக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினால் உண்மை வெளியே வந்துவிடும். சில நிமிடத்தில் வால்வின் ஓரமாகக் கசிந்தால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, வால்வுகளை மறுபடி கிரைண்ட் செய்தாக வேண்டும்.

இதே மண்ணெண்ணெய் இன்னொரு விஷயத்தையும் சொல்லும். பெரும்பாலான ஒர்க்‌ஷாப்புகள் அளக்காமல் விட்டுவிடும் விஷயம் அது: அறையின் கொள்ளளவு. 1,298 சிசி என்ஜினில் ஒரு சிலிண்டரின் பங்கு சுமார் 324.5 சிசி. அழுத்த விகிதம் 9-க்கு 1 என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 40.6 சிசி. வெளிச்சந்தை ஹெட்டின் அறை 3 சிசி பெரிதாக இருந்தால் விகிதம் 8.4-க்கு இறங்கிவிடும், 3 சிசி சிறிதாக இருந்தால் 9.6-க்கு ஏறும். 3 சிசி என்பது ஒரு டீஸ்பூனைவிடக் குறைவு. இறங்கினால் மலையில் இழுவை போகும், பெட்ரோல் செலவு கூடும். ஏறினால், சாதாரண பம்புப் பெட்ரோலில் ஏற்றத்தில் என்ஜின் தட்டத் தொடங்கும். சோழிகளைக் குலுக்குவது போன்ற அந்த ஓசையை அலட்சியப்படுத்தி ஓட்டினால் பிஸ்டன் உடையும். ஒரு கண்ணாடித் துண்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஒரு ஊசிக்குழல், கொஞ்சம் மண்ணெண்ணெய்: பழைய ஹெட்டின் அறையையும் புதியதன் அறையையும் அளந்து ஒப்பிட இவ்வளவு போதும். நான்கு அறைகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இந்த அளவீடுகளுக்கு அரை நாள் ஆகலாம். மத்தியப் பிரதேசத்தின் புலிகள் காப்பகங்களில் மையப் பகுதிகள் ஜூலை முதல் செப்டம்பர்வரை மூடியிருக்கும். அக்டோபர் 1-ல் திறக்கும். சஃபாரி வண்டிக்காரருக்கு ஒர்க்‌ஷாப் காலம் அந்த மழை மாதங்கள்தான். ஜூலையில் வண்டியைக் கொண்டுவந்தால் மிஸ்திரிக்கு அளக்க நேரம் இருக்கும். செப்டம்பர் கடைசி வாரத்தில் கொண்டுவந்து, “உஸ்தாத்ஜி, ஒண்ணாம் தேதிக்கு வண்டி வேணும்” என்று கெஞ்சினால் அளவு கோல்கள் டிராயரிலேயே இருந்துவிடும்.

பழைய ஹெட்டைக் கழற்றுவதில்கூட முறை இருக்கிறது. என்ஜின் முழுவதுமாக ஆறியிருக்க வேண்டும். போல்ட்டுகளை ஓரங்களிலிருந்து தொடங்கி நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒன்றை முழுவதுமாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால், நன்றாக இருந்த ஹெட்டும் கழற்றும்போதே வளையும். கழற்றியதும் பலர் பழைய கேஸ்கட்டை மூலையில் வீசுகிறார்கள். அது நடந்ததற்கான ஒரே சாட்சி. இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கருகியிருக்கிறதா? தண்ணீர்த் துவாரத்தின் ஓரம் அரித்திருக்கிறதா? ஒரே ஒரு சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் நீராவி பட்டுக் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருக்கிறதா? எந்த இடத்தில், எதனால் உடைந்தது என்பதை அது சொல்லிவிடும்.

பிறகு பிளாக். ஹெட் புதுசு என்ற மகிழ்ச்சியில் பிளாக்கின் மேற்பரப்பை யாரும் சரிபார்ப்பதில்லை. எந்தச் சூடு ஹெட்டை வளைத்ததோ அதே சூட்டில் பிளாக்கும் வெந்திருக்கிறது. நேர்க்கோலை அதன்மேல் நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். வளைந்த பிளாக்கின்மேல் நேரான ஹெட்டை வைத்தால் இறுக்கும்போது நேரானதும் வளையும். பழைய கேஸ்கட்டின் மிச்சத்தை எடுக்க முரட்டு உப்புத்தாளைச் சுற்றிக் கிரைண்டரை ஓட்டுவது இன்னொரு வழக்கம். பத்து நிமிடத்தில் வேலை முடியும். கூடவே பரப்பில் பள்ளமும் விழும். மழுங்கிய பட்டையால் பொறுமையாகச் சுரண்டுவதற்கு மாற்று இல்லை.

போல்ட் துவாரங்களின் அடியில் தங்கிய ஆயிலும் தண்ணீரும் இன்னொரு கண்ணி. திரவத்தை அமுக்க முடியாது. அடியில் திரவம் நிற்கும் துவாரத்தில் போல்ட்டை இறுக்கினால், மேலே இறுகிவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் ஹெட் சரியாக இறுகியிருக்காது. மோசமானால் பிளாக்கே விரிசல் விடும். துவாரங்களைத் துடைத்துக் காற்றடித்து உலர்த்த வேண்டும்.

கேஸ்கட்டின் இருபுறமும் தாராளமாகப் பசை தடவுவது சில பட்டறைகளில் கைராசியின் அடையாளமாகக் கருதப்படுகிறது. நசுங்கி வெளியே வரும் பசை தண்ணீர் வழிக்குள் போய்த்தான் தங்கும். கையேடு கேட்காத இடத்தில் பசை வேண்டாம். மேல் பக்கம் என்று குறியிட்ட பக்கம் மேலே இருந்தால் போதும்.

இறுக்கும் கட்டத்தில்தான் சர்ச்சை. டார்க் ரெஞ்ச் என்பது எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர். முப்பது வருட அனுபவம் உள்ள மிஸ்திரிக்கு அது தன் கையை அவமானப்படுத்தும் கருவியாகத் தோன்றலாம். 1,298 சிசி எட்டு வால்வு என்ஜினுக்கு அளவு சுமார் 65 முதல் 70 நியூட்டன் மீட்டர். 970 சிசி வண்டிக்கும் 16 வால்வு வண்டிக்கும் அந்தந்தக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். காலை முதல் போல்ட்டுக்கும் மதியம் பத்தாவது போல்ட்டுக்கும் ஒரே விசையைத் தரும் கை உலகத்தில் கிடையாது. நடுவில் தொடங்கி, வட்டம் விரிவதுபோல் ஓரங்களை நோக்கி, ஒரே மூச்சில் அல்லாமல் இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்க வேண்டும். ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம்வரை வரிசையாக இறுக்குகிறவர்கள், சப்பாத்தி மாவைத் தள்ளுவதுபோல் கேஸ்கட்டை ஒரு பக்கமாகத் தள்ளுகிறார்கள்.

மற்ற வேலைகள் எல்லா என்ஜின்களுக்கும் பொதுவானவை: டைமிங் பெல்ட்டின் குறிகளைப் பொருத்துவது, சாவியைத் திருப்பும் முன் என்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பது, வால்வு இடைவெளியைச் சரிசெய்வது. தண்ணீர் ஊற்றுவது மட்டும் சற்று விவரமாகச் சொல்லத் தக்கது. ரேடியேட்டரின் கழுத்துவரை தண்ணீர் நிறைந்துவிட்டது என்பதால் ஹெட்டுக்குள் நிறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மேலே காற்று சிக்கியிருக்கும். வண்டியின் மூக்கை மேடான இடத்தில் நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதைத் திறந்து, மூடியில்லாமல் என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, குமிழிகள் நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழிகள் நிற்கவே இல்லையென்றால் அது காற்றல்ல. எரிப்பு அறையின் புகை. செய்த வேலையைப் பிரித்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்த ஹெட்டும் மூன்று மாதத்தில் மறுபடி போகிறது என்றால்? அப்போது உரிமையாளர் வெளிச்சந்தையைத் திட்டுகிறார். மெக்கானிக்கும் அதையே திட்டுகிறார். காஷ்மீரி கேட் கடைக்காரர் இருவரையும் திட்டுகிறார். பழைய ஹெட் ஏன் போனது என்று மூவரில் யாரும் கேட்பதில்லை. முதல் ஹெட்டைக் கொன்ற காரணம் வண்டியிலேயே உட்கார்ந்து இரண்டாவதற்காகக் காத்திருக்கிறது.

லடாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கார்துங் லா கணவாயின் பழைய பலகைகள் 18,380 அடி என்று பெருமை பேசினாலும் உண்மையான உயரம் சுமார் 5,359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஜிப்சியில் தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும் கதவான தெர்மோஸ்டாட் திறப்பது பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில். அதாவது குளிர்விக்கும் வேலை தொடங்க வேண்டிய நேரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். இதைத் தடுப்பது ரேடியேட்டரின் மூடி. உள்ளே இருக்கும் ஸ்பிரிங், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.9 கிலோ கூடுதல் அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. அந்த மூடி நன்றாக இருந்தால் கார்துங் லாவில்கூட வெறும் தண்ணீர் 109 டிகிரிவரை கொதிக்காது. கடல் மட்டத்தில் 118 டிகிரிக்கு மேல் தாங்கும். ரப்பர் வளையம் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்த மூடி என்றால் அந்த 27 டிகிரிப் பாதுகாப்பும் போய்விடும். சமவெளியில் மாதக் கணக்கில் தொந்தரவு தராத அதே மூடி மலை உச்சியில் ஒரு மணி நேரத்தில் ஹெட்டைக் காவு வாங்கும். என்ஜினிலேயே மலிவான பாகங்களில் ஒன்று இது.

ரண்தம்போரின் மே மாதம் வேறு மாதிரிக் கொடுமை. வெயில் 45 டிகிரி. வேகம் மாட்டு வண்டியைவிடச் சற்று அதிகம். புலி தென்பட்டால் வண்டி நின்றபடியே என்ஜின் ஓடும். ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடையாது. விசிறி ஒன்றே கதி. விசிறி பலவீனமாக இருந்தாலும், ரேடியேட்டரின் இறகுகளில் புழுதி அப்பியிருந்தாலும், உள்ளே போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்திருந்தாலும் சூடு வெளியேறாது. தேநீர்க் கெட்டிலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவம்தான். வெப்பத்தைத் தடுப்பதில் அது கெட்டிக்காரன். வழியில் கிடைக்கும் அடிபம்புத் தண்ணீரை ஊற்றும் பழக்கம் நம் நாட்டில் பாட்டன் காலத்து லாரிகளிலிருந்து வந்தது. அவற்றின் இரும்பு ஹெட்டுகள் ஓரளவு பொறுத்துக்கொண்டன. அலுமினியம் பொறுப்பதில்லை, அரித்துப்போகும். அதைத் தடுக்கும் ரசாயனம் கூலன்ட்டில் இருக்கிறது. எத்திலீன் கிளைகால் கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி சேர்ந்தால் உறைநிலையும் சுமார் மைனஸ் 37 டிகிரிவரை இறங்கும். லடாக்கின் குளிர்காலத்தில் வெறும் தண்ணீர் உறைந்து, 9 சதவீதம் பருத்து, பிளாக்கைப் பிளக்கும் ஆபத்தும் அதனால் தவிரும்.

சூடு ஏறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இந்தியா முழுவதும் செய்யப்படும் வைத்தியம். நோயாளிக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை உடைப்பதற்குச் சமமில்லை என்றாலும், கிட்டத்தட்ட அதுதான். அடைத்த ரேடியேட்டர் அடைத்தபடியே இருக்கும். சாதாரண நாட்களில் என்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும். சிலிண்டர் சுவர் சீக்கிரம் தேயும். மலைக் குளிரில் ஹீட்டரும் வேலை செய்யாது.

புது ஹெட் வாங்கப் போகிற இடத்தில் இன்னொரு சபலமும் காத்திருக்கிறது. எட்டு வால்வு வண்டிக்குப் பதினாறு வால்வு ஹெட் போட்டால் என்ன? காகிதத்தில் கணக்கு இனிக்கிறது: கார்புரேட்டர் ஜிப்சி கிங்கின் சக்தி 60 குதிரை, 16 வால்வு வந்தபோது அது 80. ஆனால் அந்த இருபது குதிரைகளும் ஹெட்டுக்குள் மட்டும் கட்டப்பட்டிருக்கவில்லை. மேனிஃபோல்டு, எரிபொருள் இன்ஜெக்‌ஷன், அதை ஆளும் மின்னணுப் பெட்டி என்று பெரிய குடும்பமே கூட வர வேண்டும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாக உறுதிசெய்தது. அதே அளவு, அதே வகை ஹெட்டை மாற்றுவது பழுது பார்ப்பு. வேறு வகை ஹெட்டைப் போடுவது மாற்றம். பந்தயக்காரர்களுக்கு அதற்கென்று தனி விதிகளும் தனி மைதானங்களும் இருக்கின்றன. பயணிகளை ஏற்றிச் சம்பாதிக்கும் சஃபாரி வண்டிக்கு, விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் கேட்கும் நாளில் இந்த வித்தியாசம் முக்கியமாகிவிடும்.

ஆகவே வெளிச்சந்தை ஹெட்டுக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும்போது கூடவே கொஞ்சம் ஒதுக்கி வைப்பது நல்லது. ரேடியேட்டரைப் பிரித்துக் கழுவ, தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுச் சரியான சூட்டில் திறக்கிறதா என்று பார்க்க, ரப்பர் ஹோஸ்களையும் வாட்டர் பம்பையும் பரிசோதிக்க, கூலன்ட் வாங்க, மூடியை மாற்ற. ஹெட்டின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. ஆனால் பில்லில் முதலில் அடிக்கப்படும் வரிகளும் இவைதான். உரிமையாளருக்குப் பளபளப்பான ஹெட் கண்ணில் தெரிகிறது. மூடியின் ஸ்பிரிங் தெரிவதில்லை.

வேலை முடிந்து முதல் சில நாட்கள், விடிகாலையில் என்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்க்க வேண்டும். முதல் நாள் கொஞ்சம் குறைந்திருந்தால் சிக்கியிருந்த காற்று வெளியேறியிருக்கிறது, நிரப்பிவிட்டுப் போகலாம். தினமும் அதே அளவு குறைந்துகொண்டே வந்தால், தரையில் ஈரமும் இல்லையென்றால், அந்தத் தண்ணீர் எரிப்பு அறைக்குள்தான் போகிறது. அப்போது வண்டியைக் காட்டுக்கு அனுப்பாமல் மிஸ்திரியிடமே திருப்பி அனுப்ப வேண்டும். ஹெட் அப்போது வெறும் கேஸ்கட் செலவோடு பிழைத்துவிடும்.